வீட்டைக் கட்டிப்பார்
(புதுச்சேரிக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கொட்டுகிற மழையிலும் வந்து சேர்ந்த புரவலர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தமிழாசிரியை அம்மா அவர்களே, அன்போடு அழைத்த நூலக நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பாரிசுக்குத் தென்கிழக்கே 55 கிலோமீட்டரில் வோ-லெ-விக்கோந்த் என்றொரு மாளிகை இருக்கிறது. அதைக் கட்டிய கதை, தோட்டக் கலை, காப்பாற்றிய குடும்பம் என மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள். பதினான்காம் லூயியின் நிதியமைச்சர் நிக்கோலா ஃபூக்கே கட்டிப் பார்த்தவர். கட்டடத்துக்கு லெ வோ, ஓவியத்துக்கு லெ ப்ரன், தோட்டத்துக்கு லெ நோத்ர். 1661 ஆகஸ்ட் 17 அன்று மன்னரையே விருந்துக்கு அழைத்தார். அப்பப்பா, எந்தக் கல்யாண வீடும் தோற்றுப் போகும்! பந்திப் பொறுப்பு வத்தேல் கையில். மோலியேரின் புது நாடகம் அன்றைக்குத்தான் அரங்கேறியது. இருட்டியதும் வாணவேடிக்கை. மன்னருக்கு 22 வயது. தன்னிடம் இல்லாத பகட்டு அமைச்சரிடம் இருந்தால் பொறுப்பாரா? விருந்துதான் கெடுத்தது என்று பலரும் சொல்வார்கள். உண்மையில் ஃபூக்கேயின் எதிரியான அரசு அதிகாரி கொல்பேர் முன்பே மன்னர் காதில் ஓதிவிட்டார். கைது ஏற்கெனவே முடிவான ஒன்று. 19 நாள் கழித்து, நாந்த் நகரில், மன்னரின் படை அதிகாரி தார்த்தன்யான் வந்து ஃபூக்கேயைப் பிடித்தார். நீதிமன்றம் நாடுகடத்தச் சொன்னது. மன்னர் அதை ஆயுள் சிறையாக்கினார். 1680இல் பின்யெரோல் கோட்டையிலேயே உயிர் போனது.

அந்த மூன்று கலைஞர்களும் மன்னரின் வெர்சாய் அரண்மனை வேலைக்குப் போய்விட்டார்கள். ஃபூக்கே மாளிகையின் நீள்வட்டக் கூடத்துக் குவிமாடத்துக்கு லெ ப்ரன் திட்டமிட்ட ஓவியம் தீட்டப்படவே இல்லை. ஆனால் மாளிகை முழுக்க அணில் சின்னம் அப்படியே இருக்கிறது. ஃபூக்கே என்றால் அவர் குடும்பத்து வட்டார வழக்கில் அணில்.

வீட்டைக் கட்டிப்பார் என்றவர்கள், காத்துப்பார் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆளில்லாமல் பாழடைந்து கிடந்த மாளிகையை 1875இல் ஏலத்தில் எடுத்தவர் ஆல்ஃபிரெட் சொமியே, சர்க்கரை ஆலைக்காரர். பணத்தைக் கொட்டிச் சீர்படுத்தினார். அவர் வழிவந்த வொகுயே குடும்பம் 1968இல் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்தது. கோடை இரவுகளில் ஆயிரக்கணக்கில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். சீட்டு வாங்கி வருகிறவர்களின் காசு கூரைப் பழுதுக்கும் போகிறது.

சரி, நம் ஊருக்கு வருவோம். அரசுக் கட்டடமான மேரியே, அதாவது பழைய நகராட்சிக் கட்டடமே, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. தெருத்தெருவாக நிற்கும் திண்ணை வீடுகளைத் தனியாள் எப்படித் தாங்குவார்? ஓடு மாற்றவும் சுண்ணாம்பு பூசவும் அரசு பாதிச் செலவைத் தரட்டும். வீட்டுக்காரர்கள் மாதம் ஒரு ஞாயிறு முற்றம் வரைக்கும் கதவைத் திறக்கட்டும். கட்டிப்பார் என்ற நாம் காத்தும் பார்ப்போமே! வாசலில் மனு வைத்திருக்கிறோம், பேனாவும் இருக்கிறது. தோட்டக் கலையைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மணியடித்துவிட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் தேநீர் குடிக்கப் போக வேண்டும், வணக்கம்.