கடலோரக் கோல்ஃப் மைதானங்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

நேயர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் கோல்ஃப் மைதானங்கள் எப்போதும் பசுமையாக இருக்கின்றனவே, அதற்காக மக்களின் குடிநீரையா எடுக்கிறார்கள்? பக்கத்திலேயே இருக்கும் கடல் நீரைப் பாய்ச்ச முடியாதா?"

முதலில் கடல் நீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அவ்வளவு உப்பான நீரைப் புல்லின் வேர்களால் உறிஞ்ச முடியாது. அதோடு, உப்பிலுள்ள சோடியம் களிமண் துகள்களைப் பிணைத்து வைத்திருக்கும் கால்சியத்தை அகற்றிவிடுவதால் மண் இறுகிப்போய், பிறகு நல்ல தண்ணீரையே பாய்ச்சினாலும் அது கீழே இறங்காமல் தேங்கி நிற்கும். உப்பை ஓரளவு தாங்கக்கூடிய பாஸ்பலம் என்ற புல் இருக்கிறது. 2012ஆம் ஆண்டு பிஜிஏ சாம்பியன்ஷிப் போட்டி நடந்த தென் கரோலினாவின் கியாவா தீவு மைதானத்தில் வளர்வது அதுதான். ஆனால் அது வெப்பத்தை விரும்பும் புல். பெபிள் பீச் அமைந்திருக்கும், கோடையிலும் மூடுபனி சூழ்ந்த மான்டெரே தீபகற்பத்துக்கு அது பொருந்தாது.

இனி குடிநீர். 1919இல் திறக்கப்பட்ட பெபிள் பீச் மைதானத்துக்கு நெடுங்காலம் குடிநீர்தான் பாய்ந்தது என்பது உண்மை. அந்தத் தீபகற்பத்துக்கு வெளியூர்க் கால்வாய் எதுவும் வருவதில்லை. கார்மெல் ஆறும் நிலத்தடி நீருமே முக்கிய ஆதாரங்கள். 1980களின் இறுதியில் தொடங்கிய கடும் வறட்சி இந்த வழக்கம் நீடிக்க முடியாது என்பதை அனைவருக்கும் உணர்த்தியது. 1994 முதல், வீடுகளிலிருந்து வரும் கழிவுநீரைச் சுத்திகரித்து, பெபிள் பீச், ஸ்பைகிளாஸ் ஹில், ஸ்பானிஷ் பே, சைப்ரஸ் பாயிண்ட் உள்ளிட்ட அப்பகுதி மைதானங்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய சிக்கல் எழுந்தது. சுத்திகரித்த நீரில் கிருமிகள் இல்லை, ஆனால் சோடியம் இருந்தது. பந்தைக் குழிக்குள் உருட்டும் 'கிரீன்' பகுதியில் வளரும் போவா அனுவா என்ற மென்மையான புல் அதைத் தாங்காமல் வாடியது. மண்ணிலிருந்து உப்பைக் கழுவி இறக்குவதற்காக மீண்டும் குடிநீரையே பாய்ச்ச வேண்டியதாயிற்று. பின்னர் நுண்வடிகட்டலையும் ஆர்.ஓ. முறையையும் சேர்த்து உப்பைக் குறைத்தார்கள். மழைக்காலத்தில் மிஞ்சும் நீரைக் கோடைக்குச் சேமிக்க ஃபாரஸ்ட் லேக் என்ற பழைய நீர்த்தேக்கத்தையும் சீரமைத்தார்கள். அதன் பிறகே பாசனத்துக்குக் குடிநீரை நம்பியிருக்கும் நிலை மாறியது.

இத்திட்டத்துக்கான நிதிப் பொறுப்பை மைதானங்களை நடத்தும் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அதற்கு ஈடாக, தன் நிலங்களில் வீடுகள் கட்டுவதற்கான குடிநீர் உரிமையைப் பெற்றது. ஆகவே இதை முழுமையான தியாகம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் ஆற்று நீரைப் புல்லுக்குக் கொட்டிக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ நியாயமான ஏற்பாடு என்றே உறுதியாகக் கருதுகிறேன்.