டைட்டனின் நீல வானம்

அவையோருக்கு வணக்கம்.

'கலி முற்றிவிட்டது' என்று சொல்ல நம்மிடம் ஆள் பஞ்சமே இல்லை. நாளைய உலகை வரையச் சொன்னால் ஓவியர்களும் இடிந்த நகரத்தையும் புகைமூட்டத்தையும்தான் வரைகிறார்கள். அதில் பெரிய துணிச்சல் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நான் பேச வந்தது வேறொருவரைப் பற்றி: விண்வெளிக் காட்சிகளைத் தீட்டிய அமெரிக்க ஓவியர் செஸ்லி போன்ஸ்டெல்.

1888இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். பதினேழு வயதில் லிக் வானாய்வகத்துக்குப் போய்த் தொலைநோக்கியில் சனிக்கோளைப் பார்த்தார். வீடு திரும்பியதும் அதை வரைந்தார். அடுத்த ஆண்டே, 1906இல், நிலநடுக்கம். தொடர்ந்து பரவிய தீயில் ஊரோடு அந்தப் படமும் சாம்பலானது. பிறகு கட்டடக்கலை, ஹாலிவுட்டில் பின்னணி ஓவியம் என்று காலம் ஓடியது. சனி மட்டும் அவரை விடவில்லை. நம் ஊராக இருந்தால் பரிகாரம் தேடியிருப்பார். அவர் தூரிகையைத் தேடினார்.

1944 மே மாதக் கடைசியில் லைஃப் இதழில் அவருடைய சனி ஓவியங்கள் வெளிவந்தன. நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்க ஒரு வாரம்தான் இருந்தது. போர்க்காலத்து இதழைப் புரட்டிக்கொண்டு வந்தவர் கண்முன் திடீரென்று டைட்டன்! சனியின் மிகப் பெரிய துணைக்கோள். இருபுறமும் பனி மூடிய செங்குத்துப் பாறைகள், நடுவே நீல வானம், அதில் பிறையாகச் சனி, மெல்லிய கோடாக வளையம். அங்கிருந்து பார்த்தால் சனி எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று கணக்குப் போட்டு வரைந்தார். அதனால் யாரோ அங்கே போய் நின்று எடுத்த புகைப்படம் போலவே இருக்கும்.

ஆனால் படம் தவறு. 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் கலம் டைட்டனில் இறங்கியது. எங்கும் ஆரஞ்சு நிற மூட்டம். தரையில் நம் ஆற்றுப்படுகையில் கிடப்பதுபோல் உருண்டைக் கற்கள். அவையும் கல்லல்ல, பனிக்கட்டி. நிலவிலும் இதே கதைதான். போஸ்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு 1957இல் நாற்பதடி நீளத்தில் நிலவுக் காட்சி ஒன்றைத் தீட்டிக்கொடுத்தார். கூரிய சிகரங்கள் நிறைந்த படம். நிலவின் மலைகள் மழுங்கியவை என்று அப்பல்லோ காட்டிய பிறகு, 1970இல் அதைக் கழற்றிவிட்டார்கள். எனக்கு அதில் இன்னும் மனத்தாங்கல் உண்டு. அவர் என்ன குறி சொல்லவா உட்கார்ந்தார், பலிக்கவில்லை என்று தூக்கி எறிய? மனிதன் கால் வைக்க அங்கே இடம் இருக்கிறது என்றார். அது பொய்யாகவில்லையே!

1952இல் காலியர்ஸ் இதழில் ராக்கெட் பொறியாளர் வெர்னர் வான் பிரானின் விண்வெளித் திட்டங்களுக்கும் அவர் படம் தீட்டினார். அதே வான் பிரான் ஹிட்லரின் ஜெர்மனிக்காக உருவாக்கிய ராக்கெட்டுகள்தான் 1944இல் லண்டன் மீது விழுந்தன. மனிதகுலத்தின் மேல் நம்பிக்கை இருக்கிறது என்று மேடையில் பேசுகிறவன் இதை விழுங்கிவிட்டுப் பேசக்கூடாது.

டைட்டனுக்கு மறுபடியும் ஒரு கலத்தை 2028இல் அனுப்ப நாசா திட்டமிட்டிருக்கிறது. எட்டுச் சுழலிகளோடு இடம்விட்டு இடம் பறந்து போய் இறங்கும் கலம். பெயர் டிராகன்ஃபிளை, நம் தும்பிதான். போய்ச் சேர 2034 ஆகுமாம். அங்கே நீல வானம் இல்லை என்று தெரிந்துதான் போகிறது.