பந்தியில் இடம் இருக்கிறது

(திருவாரூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், கிளை நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, என் ஒற்றுப்பிழைகளைத் திருத்தியே களைத்துப்போன தமிழாசிரியர் ஐயா அவர்களே, ஆயிரம் அலுவல்களுக்கு இடையிலும் முன்வரிசையில் வந்தமர்ந்துள்ள ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, மாலைக்குப் பதிலாகப் புத்தகம் தந்து சிறப்பித்த நூலகர் அவர்களே, தொலைக்காட்சித் தொடரை விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். ஒலிபெருக்கி அமைத்தவரை மறந்துவிட்டேன் என்று சென்ற ஆண்டு மனத்தாங்கல் எழுந்ததால், அவருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

மாறிவரும் குடும்ப அமைப்பும் மக்கள்தொகைப் போக்கும் என்பது எனக்களித்த தலைப்பு. குழந்தைகள் ஏன் குறைந்தனர், முதியோர் ஏன் தனித்தனர், இதனால் மக்களவைத் தொகுதிகளின் எண்ணிக்கையில் என்ன நேரும் என மூன்று செய்திகளைச் சொல்ல விழைகிறேன்.

மக்கள்தொகை குறையாது நிலைபெற, ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் வேண்டும் என்பர். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் அது 1.8. பெண்கள் படித்தார்கள், திருமண வயது தள்ளிப்போயிற்று, பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது. நம் காவிரிப் படுகையிலோ, பாகம் பிரிந்து பிரிந்து நிலம் சிறுத்ததாலும், நடவும் அறுப்பும் இயந்திரத்திடம் போனதாலும், பிறந்த பிள்ளைகளும் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் அறுபதைக் கடந்தவர். தனிமரம் தோப்பாகாது என்று என் பாட்டனார் அடிக்கடி சொல்வார். தோப்பே தனிமரங்களாகப் பிரிந்து நிற்கும் காலத்தை அவர் பார்க்கவில்லை.

குடமுருட்டிக் கரையில் என் பெரியம்மா இருக்கிறார். முற்றமும் ரேழியும் உள்ள வீடு. ஒரு காலத்தில் பதினேழு பேர் உண்ட வீட்டில் இன்று அவர் ஒருவர்தான். திருட்டுக்கு அஞ்சி, வாசற்படியில் நான்கு ஜோடி ஆண்கள் செருப்பைப் போட்டு வைத்திருக்கிறார். ஒரே இடத்தில் கிடந்தால் திருடன் கண்டுபிடித்துவிடுவான் என்று மாலைதோறும் இடம் மாற்றி வைப்பார்; மழை நாளில் அவற்றுக்குச் சேறு பூசுவதும் உண்டு. எரிவாயு உருளை கொண்டுவந்த இளைஞர் ஒருநாள், “ஏம்மா, இத்தனை ஆம்பளைங்க இருக்கிற வீட்டுல ஒரு சிலிண்டர் நாலு மாசம் எப்படி வருது?” என்று கேட்டாராம். பெரியம்மா சற்றும் தயங்காமல், “அவங்கள்லாம் சாப்பிட மாட்டாங்க தம்பி, காவல் மட்டும்தான்” என்றாராம்.

சிரிக்கிறீர்கள், நானும் சிரித்தேன். பிறகு அடுக்களைக்குள் போய்ப் பார்த்தேன். காலையில் வடித்த சோறும் ஊறுகாயும் இருந்தன. இரவுக்கும் அதே சோறு, மோர் விட்டு. “ஒருத்திக்காக யாருடா குழம்பு வைக்கிறது?” என்றார். பணம் மாதந்தோறும் வந்துவிடுகிறது. உடன் அமர்ந்து உண்ண ஆள்தான் வருவதில்லை.

ஆகவேதான், எந்த மேடை ஏறினாலும் நான் சொல்வதை இங்கும் சொல்கிறேன். 1982இல் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. மறு ஆண்டே முதியோர் உதவித்தொகை பெறுவோரும் அதில் சேர்க்கப்பட்டனர். புதிதாக எதையும் நாம் கேட்கவில்லை. பிள்ளைகள் குறைந்து பந்தி சுருங்கிய பள்ளிகள் நம் வட்டாரத்தில் உள்ளன. அங்கே அடுப்பும் இருக்கிறது, சமைக்கத் தெரிந்த கைகளும் இருக்கின்றன. உதவித்தொகை வாங்குபவர் மட்டுமன்றி, தனித்து வாழும் முதியோர் எவரும் நண்பகலில் அந்தப் பந்தியில் அமரலாம் என்றால், வசதியுள்ள என் பெரியம்மாவும் காசு கொடுத்தேனும் வருவார். தனிமரம் தோப்பாகாது, சரி, பள்ளிக்கூடத் திண்ணையில் இருபது தனிமரங்கள் வரிசையாக உட்காரட்டுமே.

நேரமாகிவிட்டதென்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். தொகுதிக் கணக்கை அவரே முடிவுரையில் விளக்கினால் பொருத்தமாக இருக்கும். அக்டோபர் 2 கிராம சபையில் வைக்க வேண்டிய மனு பின்னால், நூலகர் மேசையில் இருக்கிறது. கையெழுத்திட்டபின் காபிக்குச் செல்லுங்கள். பேனாவைத் திருப்பித் தந்துவிடுங்கள், அது தமிழாசிரியர் ஐயாவுடையது.