பல்லும் தாயும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன். பல் முளைக்கும் பிள்ளைக்குப் பெருந்துணை தாயின் கவனமா, மருத்துவரின் அறிவா? நான் தாயின் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "பிள்ளைக்குக் காய்ச்சலா, பல்லு. பேதியா, பல்லு. பக்கத்து வீட்டுக்காரன் தும்மினாலும் பல்லு என்பார்கள் இந்த அம்மாக்கள்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். தட்டிய கைகளைக் கொஞ்சம் கீழே வையுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு தாய். எட்டு மாதப் பிள்ளை. நடு ராத்திரி, உடம்பு கொதிக்கிறது. கணவர் வந்து பார்த்தார், "பல்லு" என்றார். மாமனார் வந்தார், "பல்லுதான், போய்ப் படு" என்றார். கொழுந்தனார் அறையை விட்டு வெளியே வரவே இல்லை, உள்ளேயிருந்தே "பல்லு அண்ணி" என்றார்! இவள் மட்டும் "இல்லை" என்றாள். "பல்லுக்கு அழுதால் என் விரலைப் பிடித்துக் கடிப்பான். இன்றைக்கு விரலை வைத்தால் தட்டிவிட்டுக் காதைப் பிடிக்கிறான்" என்றாள். தூக்கிக்கொண்டு ஓடினாள். மருத்துவர் பார்த்தார். காதுக்குள் சீழ்!

தம்பி, மறுபடியும் சொல்கிறேன், நன்றாகக் கேளுங்கள். பல்லு என்றது யார்? கணவர். பல்லு என்றது யார்? மாமனார். கதவைக்கூடத் திறக்காமல் பல்லு என்றது யார்? (நீங்களே சொல்லிவிட்டீர்கள்!) இல்லை என்றவள் ஒருத்தி. அவள்தான் தாய்.

சரி, தாய்மார் பல்லைச் சொல்வதே இல்லையா? சொல்கிறார்கள். ஏன்? பெரும்பாலும் ஆறு மாத வாக்கில்தான் முதல் பல் எட்டிப் பார்க்கிறது. அதே சமயம்தான் தாயிடமிருந்து வந்த நோய் எதிர்ப்பு சக்தி பிள்ளையின் உடம்பில் குறைகிறது. கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிற வயதும் அதுதான். கிருமியும் பல்லும் ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன. அவள் கண்ணால் கண்டதைச் சொன்னாள். 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய காய்ச்சல் பல்லால் வருவதில்லை என்று எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்ளப் போகிறாள்.

ஆனால் படித்தவர்கள் என்ன செய்தார்கள்? 16-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் பெரிய அறுவை மருத்துவர் ஆம்ப்ராஸ் பாரே, பல் வெளியே வரட்டும் என்று ஈறைக் கத்தியால் கீறச் சொன்னார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கீறினார்கள்! பல் முளைக்கும் பிள்ளைக்கென்று பாதரசம் கலந்த பொடி விற்றார்கள். பிள்ளைகளின் கைகால் சிவந்து தோல் உரிந்தது. பிரிட்டனில் அந்தப் பொடியிலிருந்து பாதரசம் போனது 1954-இல். தாய் என்ன செய்தாள்? விரலைக் கழுவி, ஈறை மெல்லத் தேய்த்துவிட்டாள். இன்றைய மருத்துவர்களும் அதைத்தானே செய்யச் சொல்கிறார்கள்! ஈறில் தடவும் மரப்பு மருந்தை இரண்டு வயதுக்குள் பயன்படுத்தாதீர்கள் என்று 2018-இல் அமெரிக்க அரசே எச்சரித்தது. அவள் விரலுக்கு எந்த அரசு எச்சரிக்கை விட்டது?

நடுவர் அவர்களே, 1839-ஆம் ஆண்டு இங்கிலாந்து, வேல்ஸ் இறப்புப் பதிவேட்டில் 5000-க்கும் மேற்பட்ட மரணங்களுக்குக் காரணம் என்ன தெரியுமா? "பல் முளைத்தல்". அதை எழுதியது தாயல்ல. அத்தனை தாய்மாரும் அந்தப் பல்லுக்காக நாள் எண்ணியவர்கள். விளக்கை அருகே பிடித்து, பிள்ளையின் வாயைத் திறந்து, வெள்ளையாக ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தவர்கள். அவளிடம் போய், நீ ஆசைப்பட்ட பல்தான் உன் பிள்ளையைக் கொண்டுபோனது என்று சொன்னார்களே! அவள் எப்படித் தாங்கியிருப்பாள்? அடுத்த பிள்ளைக்கு ஈறு தடித்தபோது எப்படி நடுங்கியிருப்பாள்? அந்த நடுக்கத்தைத்தான் தன் மகளுக்கும் சொல்லி வைத்தாள்.

அந்த நடுக்கத்தைப் பார்த்தா சிரித்தீர்கள் தம்பி? தீர்ப்பை அப்புறம் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. முதலில் இவர் அந்தக் கேலியைத் திரும்பப் பெறட்டும்.