டிஸ்சார்ஜ் புக்கை முதலில் பாருங்கள்

வணக்கம். பட்டாளத்துக்குப் போய் வந்தவர் என்றாலே பென்ஷன் வரும் என்றுதான் ஊரில் பேச்சு. ஆனால் ஜவானாக இருந்தவருக்கு 15 ஆண்டு சர்வீஸ் இருந்தால்தான் சர்வீஸ் பென்ஷன். அதற்கு முன்பே வெளியே வந்தவர்கள் பலர் இன்று முதியோர் உதவித்தொகையை நம்பி இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2023 ஆகஸ்டில் அதை மாதம் 1,200 ரூபாய் ஆக்கினார்கள்.

இவர்களுக்கென்றே மத்திய அரசின் பெனூரி கிராண்ட், அதாவது வறுமையில் இருக்கும் முன்னாள் படைவீரருக்கான மாத உதவித்தொகை, இருக்கிறது. பென்ஷனோ நிலையான வருமானமோ இல்லாத, 65 வயது தாண்டிய, ஹவில்தார் நிலை வரை இருந்தவருக்கு. அவர் இல்லையென்றால் அவர் மனைவிக்கு. மாதம் 4,000 ஆக இருந்தது, 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 8,000.

சிக்கல் இங்கேதான். அரசிடமிருந்து வேறு பென்ஷனோ உதவியோ வாங்கவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். முதியோர் தொகை வாங்கிக்கொண்டே அதில் கையெழுத்துப் போடாதீர்கள். அதற்காக அவசரப்பட்டு அதை நிறுத்திவிட்டு, கையில் ஒன்றும் இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லி, எந்தக் கட்டத்தில் நிறுத்துவது என்று கேட்டுச் செய்யுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. படையிலிருந்து வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கை விரித்து, கலர் சர்வீஸ் (படையில் நேரடியாகப் பணியாற்றிய காலம்) எத்தனை ஆண்டு, ரிசர்வ் சர்வீஸ் (வீட்டுக்கு அனுப்பி, தேவைப்பட்டால் கூப்பிட வைத்திருந்த காலம்) எத்தனை ஆண்டு என்று பாருங்கள். பழைய ஆட்களில் ஏழெட்டு வருடம் படையில் இருந்துவிட்டு ரிசர்வில் போடப்பட்டவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்து 15 வந்தால் ரிசர்விஸ்ட் பென்ஷன் கேட்கலாம். சர்வீஸ் பென்ஷனுக்கே சில மாதம்தான் குறைகிறது என்றாலும் விட்டுவிடாதீர்கள். ஓராண்டு வரையிலான குறைவைப் பொறுத்துக்கொண்டு பென்ஷன் கொடுக்க விதியில் இடம் உண்டு. சர்வீஸ் பென்ஷனில் குறைந்தபட்சமே 9,000 ரூபாய், அதன்மேல் அகவிலைப்படியும் சேரும். அது கிடைக்கக்கூடியவர் கிராண்ட் போதும் என்று இருந்துவிட்டால் நஷ்டம் அவருக்குத்தான்.

கணவரை இழந்த பெண்களின் மனு பெரும்பாலும் பெயரில்தான் நிற்கிறது. டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி பெயரே இருக்காது, அல்லது ‘லட்சுமி’ என்றிருக்கும், ஆதாரில் ‘மகாலட்சுமி’. இதை மாவட்ட அலுவலகத்தில் திருத்த முடியாது. கணவர் இருந்த பிரிவின் பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் அது நீலகிரியில் உள்ள வெலிங்டனில் இருக்கிறது. படைவீரர் உயிரோடு இருக்கும்போதே அவர் கையெழுத்தோடு போகிற கடிதத்துக்கு வேலை சுலபம். அதை இந்த வாரமே எழுதிப் போடுங்கள்.