கேட்பவர் உட்காரும் இடம்

(சேலத்தில், கிராமங்களுக்குக் கள ஆய்வுக்குப் புறப்படவிருந்த கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம். பிறர் சொல்வதைக் கேட்பது பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறீர்கள். அதைப் பற்றி ஒருவனே நீட்டி முழக்கிக்கொண்டிருந்தால் நன்றாக இராது. ஆகவே சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்.

ஒருவர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்பது நாம் அவருக்குச் செய்யும் உபகாரம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவரிடம் இருப்பது நம்மிடம் இல்லாததால்தானே அவர் வீட்டு வாசலில் போய் நிற்கிறோம்? பணிவு என்பதும் குரலைத் தாழ்த்திக்கொள்வதோ, ‘அடியேன் ஒன்றும் அறியாதவன்’ என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குவதோ அன்று. எதிரில் இருப்பவர் சொல்லும் பதில், நாம் போட்டுவைத்திருக்கும் கணக்கைக் கலைக்க இடம் கொடுப்பதையே நான் பணிவு என்று கருதுகிறேன்.

நம் ஊர் வெண்பட்டு நெய்யும் குழித்தறிக் கூடம் ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். நெசவாளர் தரை மட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதியை மிதித்துக்கொண்டிருப்பார். விவரம் கேட்க வருகிறவர் பெரும்பாலும் நின்றபடியே கேட்பார். நெசவாளரோ கழுத்தை நிமிர்த்தி அண்ணாந்து பதில் சொல்ல வேண்டும். “கூலி கட்டுபடியாகிறதா?” என்றால், “ஏதோ ஓடுதுங்க” என்பதற்கு மேல் ஒன்றும் வராது. வந்தவரும் அதையே எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தறி ஓடிக்கொண்டிருக்கும்வரை பேசாமல் இருப்பவருக்கு வேறு பதில் கிடைக்கும். குறுக்கிழையைக் கொண்டுபோகும் நாடா ஓடும்போது நெசவாளரின் கண் பாவின் மேல், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய இழைகளின் மேல்தான் இருக்கும். அப்போது முழு வாக்கியத்தில் பதில் எதிர்பார்ப்பது நியாயமில்லை. எங்கோ ஓர் இழை அறுந்து, தறியை நிறுத்தி, இரண்டு முனைகளையும் தேடி எடுத்து முறுக்கி இணைக்கும்போது அவராகவே பேச ஆரம்பிப்பார். மகளின் படிப்பில் தொடங்கும் அந்தப் பேச்சு, மழைக்காலத்து ஈரத்தில் பாவு படுத்தும் பாடு வழியாகச் சுற்றிக்கொண்டு கடைசியில்தான் கூலிக்கு வரும். நெய்த துணிக்குத்தான் கூலி. பழைய பாவு தீர்ந்ததும் புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதனோடு பிணைக்கும் நேரத்தில் துணி வளர்வதில்லை. வீட்டில் உள்ளவர்களும் சேர்ந்து செய்கிற அந்த வேலையை எழுத உங்கள் படிவத்தில் கட்டம் இருக்காது. நின்றபடி கேட்டவருக்கு அப்படி ஒரு வேலை இருப்பதே தெரிந்திருக்காது.

மலைக்கும் இதே கதைதான். ஏற்காட்டைச் சுற்றியுள்ள சேர்வராயன் மலை ஊர்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் (பெயரைப் பார்த்துக் கேரளத்தை நினைக்க வேண்டாம், அவர்கள் தாய்மொழி தமிழ்) தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். ஊருக்கு ஊர் அந்தக் கதை சற்று மாறும். பெரியவர் ஒருவர் அதைச் சொல்லத் தொடங்கியதுமே, “அது எந்த நூற்றாண்டு, ஐயா?” என்று நோட்டும் பேனாவுமாக இருப்பவர் குறுக்கிட்டால், “அதெல்லாம் தெரியாதுங்க” என்று அவர் எழுந்துவிடுவார். ஆண்டு பிறகும் விசாரிக்கலாம். எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் பெண் கொடுக்கல் வாங்கல், மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவில் யாருக்கு என்ன உரிமை என்று அந்தக் கதைக்குப் பின்னால் வரவிருந்தவை அன்றைக்கு வராமலே போய்விடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தலையை ஆட்டுவது, புன்னகைப்பது, சொன்னதையே திருப்பிச் சொல்வது என்று கேட்பதை ஒரு பயிற்சியாகவே இப்போது கற்றுத் தருகிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. கதை சொல்லும் பாட்டிக்கு, பேரன் விழிப்போடு கொட்டும் ‘உம்’ எது, பாதித் தூக்கத்தில் கொட்டும் ‘உம்’ எது என்று இருட்டிலும் தெரியும். நாம் போய்ப் பார்க்கும் மனிதர்களுக்கும் அந்தக் காது உண்டு. அதற்காக அவர்கள் சொல்வதையெல்லாம் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. மறுக்க வேண்டியதை மறுக்கலாம், ஆனால் சொல்லி முடித்த பிறகு.

நீங்கள் புறப்படும்போது படிவத்தோடு சில வெற்றுத்தாள்களையும் எடுத்துச் செல்லுங்கள். அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி, விடைபெறும் முன் படித்துக் காட்டுங்கள். “நான் அப்படிச் சொல்லலைங்க” என்று யாராவது திருத்தினால், பழைய வரியை அடிக்காமல், அதன் கீழேயே அந்தத் திருத்தத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.