டேங்க் அடியில வந்து நில்லுங்க: கிராமக் குடிநீரும் ஆபரேட்டர் அண்ணன்களும்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. எனக்குப் பின்னாடி நிக்கிறது 30,000 லிட்டர் ஓவர்ஹெட் டேங்க். தமிழ்நாட்டுல எந்தக் கிராம ஊராட்சிக்குப் போனாலும் இந்த மாதிரி ஒண்ணைப் பார்க்கலாம். இதுக்கு மோட்டார் போடுறது, தெருத்தெருவா வால்வு திறந்து மூடுறது, மாசம் ரெண்டு வாட்டி உள்ள இறங்கித் தேய்ச்சுக் கழுவுறது, பிளீச்சிங் பவுடர் கலக்குறது, பெரும்பாலும் எல்லாமே ஒரே ஆளுதான். டேங்க் ஆபரேட்டர். சம்பளத்தைக் கேட்டா மனசு கஷ்டமாயிடும். ஆனா ஊர்ல ஒரு குழந்தைக்கு வயித்தால போகாம இருக்கறதுல அவரோட காலை வேலைக்குப் பெரிய பங்கு இருக்கு.

அவருக்கு யாரு சொல்லித் தர்றாங்க? எப்பவாவது ஒன்றிய ஆபீஸ்ல ஒரு பயிற்சி இருக்கும். ஹால்ல உக்கார வச்சு, ஸ்லைடு போட்டு, சாப்பாடு கொடுத்து அனுப்பிடுவாங்க. அது வேணாம்னு நான் சொல்லல. ஆனா விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் இங்க, இந்த டேங்க் அடியில, அவரு பக்கத்துல வந்து நிக்கணும். அடுத்த மாசமும் வரணும். சின்னக் குடிநீர்த் திட்டத்துக்கு நான் உதவின்னு சொல்றது அதைத்தான்.

ஏன்னு பிளீச்சிங் பவுடரை வச்சே சொல்றேன். 1,000 லிட்டருக்கு 4 கிராம்னு ஒரு கணக்கு. அப்ப இந்த டேங்குக்கு 120 கிராம். கேட்க சுலபமாத்தான் இருக்கு. ஆனா அந்தக் கணக்கு, பவுடர்ல 33 சதவீதம் குளோரின் இருந்தாத்தான் செல்லும். மூட்டையைப் பிரிச்சு மோட்டார் ரூம்ல திறந்தே வச்சிருந்தா, சூடும் ஈரமும் பட்டு குளோரின் கொஞ்சம் கொஞ்சமா போயிடும். மிஞ்சறது வெறும் சுண்ணாம்பு. ஆபரேட்டர் அளவு தப்பாம போட்டிருப்பாரு, தண்ணியில ஒண்ணுமே இருக்காது. ஹால்ல உக்காந்து இதைக் கண்டுபிடிக்க முடியாதுங்க. மூட்டையை முகர்ந்து பார்க்கணும், கட்டி தட்டியிருக்கான்னு தொட்டுப் பார்க்கணும்.

கலக்குறதுலயும் பக்குவம் இருக்கு. பவுடரை அப்படியே மேல இருந்து கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில கொஞ்சமா தண்ணி விட்டுக் கூழா குழைச்சு, அப்புறம் தண்ணி ஊத்திக் கலக்கி, அப்படியே விட்டுடணும். சுண்ணாம்பு அடியில தங்கிடும். மேல தெளிஞ்ச தண்ணியை மட்டும் டேங்க்ல ஊத்தணும். டேங்க் பாதி ஏறிட்டிருக்கும்போதே ஊத்தினா, வர்ற தண்ணியே கலந்து விட்டுடும். அதுக்கப்புறம் குறைஞ்சது அரை மணி நேரம் கழிச்சுத்தான் வால்வைத் திறக்கணும். குளோரின் கிருமியைக் கொல்ல அந்த நேரம் வேணும். ஜனங்க குடத்தோட காத்திருக்காங்க, சத்தம் போடுறாங்கன்னு உடனே திறந்து விட்டா, போட்ட மருந்துக்குப் பலன் இல்ல. அதனால ஆபரேட்டர் அண்ணனை அவசரப்படுத்தாதீங்க, தயவுசெஞ்சு.

அடுத்தது, அளந்து பார்க்கறது. டேங்க் அடியில அளந்தா மட்டும் பத்தாது. கடைசித் தெருவுல, கடைசி வீட்டுக் குழாய்ல அளக்கணும். இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 படி அங்க லிட்டருக்கு குறைஞ்சது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கணும். அளக்கறதுக்கு ரெண்டு மருந்து இருக்கு, குழாய்த் தண்ணியைக் கொஞ்சம் புடிச்சு அதுல கலந்து பார்க்கணும். குளோரின் இருந்தா, ஓடி (ஆர்த்தோடாலிடின்) கரைசல்னா தண்ணி மஞ்சளா மாறும், டிபிடி மாத்திரைன்னா ரோஸ் கலர் வரும். சோதிச்ச தண்ணியைக் குடத்துல திரும்ப ஊத்திடாதீங்க, கீழ கொட்டிடுங்க.

டேங்க்ல நல்லா இருந்து கடைசித் தெருவுல கலரே வரலைன்னா, அங்கதான் உண்மையான வேலை ஆரம்பிக்குது. லைனைப் புடிச்சு நடக்கணும். நான் ஆபரேட்டர்கள் கூட அப்படி நடக்கும்போது அடிக்கடி கண்ணுல படறது ரெண்டு. சாக்கடைக்குள்ள ஓடுற பைப். அப்புறம், தண்ணி மேல ஏறலைன்னு வீட்டு முன்னாடி குழி வெட்டி, அதுக்குள்ள இறக்கி வச்ச குழாய். நம்ம ஊர்ல தண்ணி நாள் பூரா வர்றதில்ல. வால்வை மூடினதும் பைப் காலியாகி, உள்ள வெளிக்காத்தைவிட அழுத்தம் குறையும். அப்ப குழியில தேங்கின அழுக்குத் தண்ணியை அது உள்ள இழுத்துக்கும். மறுநாள் முதல் குடத்துல வர்றது அதுதான். இதுக்கு ஆபரேட்டரைத் திட்டி என்ன பிரயோஜனம்? அழுத்தம் ஏன் வரலைன்னு பார்த்து, பைப்பை மாத்தி, குழியை மூட வைக்க ஊராட்சியும் இன்ஜினியரும் இறங்கி வரணும்.

ஆபரேட்டரால முடியவே முடியாத விஷயமும் இருக்கு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போர் தண்ணியில ஃபுளோரைடு. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற வழியே இல்லைன்னா 1.5 வரைக்கும். அதுக்கு மேல போய், வருஷக்கணக்கா குடிச்சா பல்லு கறை புடிக்கும், எலும்பு பாதிக்கும். பிளீச்சிங் பவுடர் அதை ஒண்ணும் செய்யாது. கொதிக்க வச்சா இன்னும் அடர்த்தியாகும். அதுக்காகத்தான் ஜப்பான் கடனுதவியோட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்துச்சு, காவிரித் தண்ணி வந்துச்சு. ஆனா காவிரித் தண்ணி குறையற அன்னிக்கு போரை ஓட்டி அதே டேங்க்ல ஏத்தினா, ஃபுளோரைடு திரும்ப வீட்டுக்குள்ள வந்துடும். எந்த போரை ஓட்டலாம், எதை ஓட்டக் கூடாதுன்னு பரிசோதனை பண்ணி, மோட்டார் ரூம் சுவத்துல பெயிண்ட்ல எழுதி வைக்கறதுதான் அங்க தொழில்நுட்ப உதவி.

இதெல்லாம் நடக்காத காரியம் இல்லைங்க. அமெரிக்காவுல 1980-லேர்ந்து சின்ன ஊர் குடிநீர் அமைப்புகளுக்கு ‘சர்க்யூட் ரைடர்’னு ஆளு போட்டிருக்காங்க. ஊர் ஊரா போய், ஆபரேட்டர் கூடவே நின்னு, கசிவு கண்டுபிடிச்சு, மோட்டார் பார்த்துக் கொடுக்கறதுதான் அவங்க வேலை. நம்ம குடிநீர் வடிகால் வாரியத்துலயும் 2004 வாக்குல விபு நாயர் ஐஏஎஸ் முன்னெடுத்து, இன்ஜினியர்களும் ஊர் மக்களும் சரிசமமா உக்காந்து பேசுற ‘கூடம்’ முறை வந்துச்சு. எனக்கு ரொம்பப் பிடிச்ச முயற்சி அது.

2019-ல வந்த ஜல் ஜீவன் திட்டத்துல, ஊருக்கு 5 பெண்களுக்குத் தண்ணி பரிசோதனைப் பயிற்சி கொடுக்கணும்னு இருக்கு. உங்க ஊர்ல அந்த 5 பேரு யாரு, கிட் பெட்டி எங்க இருக்குன்னு விசாரிங்க. பெட்டி பீரோவுல பூட்டி இருந்தா, உள்ள ரசாயனம் காலாவதி ஆயிருக்கான்னு பாருங்க. மார்ச் 22 உலக தண்ணீர் தினத்துக்கு கிராம சபை கூடும். கடைசித் தெருவுல குளோரின் எவ்வளவு, கடைசியா எப்ப அளந்தீங்கன்னு எழுந்து நின்னு கேளுங்க. ஆபரேட்டருக்குக் கையுறை, முகக்கவசம், புது பவுடர் மூட்டை வாங்கித் தரச் சொல்லித் தீர்மானம் போடச் சொல்லுங்க.

அடுத்த வீடியோ மோட்டார் பத்தி. ஒரு ஃபேஸ் போனா காயில் ஏன் எரியுது, பேனல் போர்டுல ஆம்ப்ஸ் எப்படிப் பார்க்கணும்னு காட்டுறேன். உங்க ஊர் டேங்க் எத்தனை லிட்டர்னு கமெண்ட்ல போடுங்க, எவ்வளவு பவுடர் போடணும்னு கணக்குப் போட்டுச் சொல்றேன். வட்ட டேங்க், கொள்ளளவு தெரியலைன்னா உள் விட்டமும் தண்ணி நிக்கிற உயரமும் மீட்டர்ல அளந்து அனுப்புங்க, போதும்.